தேனீக்கு நஞ்சாகாத செடியை நர்சரியில் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், சாலையோர நர்சரி ஒன்றில் எலுமிச்சைக் கன்று வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்தேன். இலைகள் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தன. ஒரு இலையில்கூடக் கடித்த தடம் இல்லை. ஒரே வாரத்தில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி ஒன்று தேடி வந்து, கொழுந்துகளில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போனது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. நான்காம் நாள் அவை பொரிந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பறவை எச்சத்தின் துணுக்குபோல, கறுப்பும் வெளுப்புமாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் புழுக்கள். மறுநாள் காலையில் நான்கு புழுக்கள் இலை ஓரத்தில் பச்சை நீரைக் கக்கித் துவண்டு கிடந்தன. அதற்கடுத்த நாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் ஒரு சொட்டு மருந்தும் அடிக்கவில்லை. நர்சரிக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். நர்சரிக்காரர் எதையும் மறைக்கவில்லை. "வேரில் மருந்து ஊற்றித்தான் வைத்திருப்போம். இல்லையென்றால் இலை சுருண்டுவிடும். சுருண்ட இலையைப் பார்த்தால் யார் வாங்குவார்கள்?" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்று அந்த வரிசையில் இலை கடிபட்டிருந்த கன்றைத் தள்ளிவைத்துவிட்டு, பளபளப்பான கன்றைத் தேடி எடுத்தவன் நான்தான்.

தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இடம் தர வேண்டும் என்று இப்போது பலர் ஆசையோடு செடி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான் செய்த தவறைச் செய்யாமல் இருக்க, கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், விஷம் எங்கே இருக்கிறது?

இலைமேல் தெளித்த மருந்தை மழை கழுவிவிடும், வெயில் சிதைத்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழைய தொடுநஞ்சு மருந்துகள் பலவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் இப்போது நர்சரிகளில் அதிகம் புழங்கும் மருந்துகள் வேறு வகை. வேளாண்மைத் துறையினர் இவற்றை 'ஊடுருவிப் பாயும்' மருந்துகள் என்பார்கள். வேரில் ஊற்றினால் தண்ணீரோடு உறிஞ்சப்பட்டு, தண்டு, இலை, மொட்டு என்று செடி முழுவதும் பரவிவிடும். பூத்தால் மகரந்தத்திலும் தேனிலும் கலந்திருக்கும். இலையை எவ்வளவு கழுவினாலும் போகாது. மருந்து இருப்பது செடியின் சாற்றில்.

இவற்றில் முதன்மையானவை நியோநிகோட்டினாய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. புகையிலையில் உள்ள நிகோட்டினைப் போலவே பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குவதால் இந்தப் பெயர். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், குளோதியானிடின் ஆகிய மூன்றும்தான் தேனீக்களுக்கு மிகக் கொடியவை. தேனீக் கூட்டத்தில் பாதியைக் கொல்ல, ஒரு தேனீக்கு எவ்வளவு இமிடாகுளோபிரிட் உள்ளே போக வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்: சுமார் 3.7 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்குதான் நானோகிராம். இதைவிடக் குறைந்த அளவில் தேனீ உடனே சாகாது. ஆனால் கூட்டுக்குத் திரும்பும் வழி தடுமாறும், இரை தேடும் திறன் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இந்த மூன்றுக்கும் கட்டுப்பாடு விதித்தது. 2018இல் திறந்தவெளியில் பயன்படுத்துவதையே தடை செய்தது. நம் ஊரில் உரக்கடைக்குப் போய்க் கேட்டால் இமிடாகுளோபிரிட் சின்னப் புட்டியிலும் கிடைக்கும்.

"அது வயல்காட்டுக் கதை, பூந்தொட்டிக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடைகளில் விற்கும் தேனீக்களுக்கு உகந்த 29 செடிகளை வாங்கி வந்து சோதித்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட செடிகளில் நியோநிகோட்டினாய்டு இருந்தது. அமெரிக்காவில், மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும் எருக்கு இனத்துச் செடிகளை 33 நர்சரிகளில் வாங்கி ஆராய்ந்த முடிவு 2022இல் வந்தது. 235 செடிகளிலும், ஒன்று விடாமல், பூச்சிக்கொல்லியோ பூசணக்கொல்லியோ இருந்தது. மொத்தம் 61 வகை. சராசரியாக ஒரு செடியில் 12. காட்டுயிருக்கு உகந்தது என்ற அட்டை தொங்கிய செடிகள் அட்டை இல்லாதவற்றைவிடச் சுத்தமாக இருக்கவில்லை. அட்டையை நம்பி வாங்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

வீட்டிலிருந்து புறப்படும் முன்

யாருக்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தேனீ என்றதும் தேன் எடுக்கும் தேனீ மட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நம் வீட்டைச் சுற்றியே இந்தியத் தேனீ, கொம்புத் தேனீ, கொட்டாத கொசுத்தேனீ, உடலில் நீல வரிகள் மின்னும் தனித்தேனீ, மூங்கிலையும் பழைய மரக்கட்டையையும் துளைத்து வாழும் கருவண்டு என்று எத்தனையோ இருக்கின்றன. பகலில் வண்ணத்துப்பூச்சிகள், இரவில் அந்துப்பூச்சிகள். பப்பாளிக்கு மகரந்தம் சுமப்பவை இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள்தான்.

ஒவ்வொன்றுக்கும் வாய் ஒரு மாதிரி, பழக்கம் ஒரு மாதிரி. இட்லிப்பூவின் குழல் நீளமானது; வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல்தான் அடிவரை எட்டும். துளசி, திருநீற்றுப்பச்சிலை, தும்பை இவற்றின் சிறுபூக்களில் சின்னத் தேனீக்கள் காலை முதல் மாலைவரை மொய்க்கும். துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிப்போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பாதிக் கதிர்களையாவது விட்டுவையுங்கள். முருங்கை பூத்திருக்கும் வீட்டில் கருவண்டின் ரீங்காரம் கேட்காமல் இருக்காது.

ஆவாரம்பூவை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். அதில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு வந்து பூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது கேட்கும் ஒலியைவிடக் கூர்மையான 'ஙீ' என்ற ஒலி எழும். மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டும். தேன் எடுக்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரியும் தக்காளியும் இதே அமைப்பு உள்ளவைதான். மாடியில் கத்தரி நன்றாகக் காய்க்க வேண்டுமானால் கருவண்டையும் நீலவரித் தேனீயையும் வரவழையுங்கள்.

வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்றால் பூ மட்டும் போதாது, புழு தின்ன இலை வேண்டும். எலுமிச்சை, கறிவேப்பிலை, நெட்டிலிங்கம், சரக்கொன்றை, எருக்கு ஆகியவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைத்தொட்டில். வெந்தய வரியன் எருக்கைத் தேடித்தான் முட்டையிட வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

வாங்க வேண்டாதவையும் உண்டு. அடுக்குச் செம்பருத்தியிலும் அடுக்கு நந்தியாவட்டையிலும் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டிருக்கும். பார்க்க அழகு, தேனீக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அதே செடிகளின் ஒற்றை இதழ் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூங்கொத்துக்காக உருவாக்கிய சூரியகாந்தி ரகங்கள் சிலவற்றில் மகரந்தமே கிடையாது. உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து முதுமலை போன்ற காடுகளின் அடித்தளத்தையே மூடிவிட்ட செடி அது. விதையைப் பறவைகள் எங்கும் கொண்டுபோய்ப் போடும். அதை வீட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கே வாங்குவது?

காசு கொடுத்து வாங்கும் முன் காசில்லாமல் கிடைப்பதைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் பத்து ஆண்டுகளாக மருந்து காணாமல் வளர்ந்த இட்லிப்பூவிலிருந்து ஒரு போத்து, உறவினர் வீட்டுத் துளசியின் விதை, ஊருக்குப் போகும்போது தாத்தா வீட்டு வேலியிலிருந்து ஆவாரை நெற்று. இவற்றைவிடச் சுத்தமான கன்று எந்த நர்சரியிலும் கிடைக்காது. சமையலறையிலிருக்கும் கொத்தமல்லி, கடுகு, சோம்பு மூன்றையும் ஒரு பழைய வாளியில் தூவிவிடுங்கள். கொத்தமல்லியை மட்டும் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும். கீரைக்காகப் பறிக்காமல் பூக்க விட்டால், அந்த வெள்ளைக் குடைப்பூக்களில் வரும் சின்னஞ்சிறு பூச்சிகளை எண்ணி முடியாது. சாப்பிட விற்கும் விதை என்பதால் மேற்பூச்சு மருந்து பற்றிய கவலையும் இல்லை.

விதைப்பொட்டலம் வாங்குவதானால் அந்த மேற்பூச்சைக் கவனிக்க வேண்டும். வெண்டை, சூரியகாந்தி, மக்காச்சோளம் போன்றவற்றின் வீரிய ஒட்டு விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால், அது விதையின் இயல்பான நிறமல்ல. மருந்து கலந்தது என்று தெரிவதற்காகச் சேர்த்த சாயம். பூசணக்கொல்லி மட்டும் இருக்கலாம், நியோநிகோட்டினாய்டும் இருக்கலாம். பொட்டலத்தின் பின்பக்கம் 'நஞ்சிடப்பட்டது' என்ற எச்சரிக்கையோடு மருந்தின் பெயர் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். நாட்டு விதை சேகரிப்பவர்கள் ஊருக்கு ஊர் விதைத் திருவிழா நடத்துகிறார்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் சாயமில்லாத, சாம்பலிலோ வேப்பிலையிலோ பாதுகாத்த விதைகள். விதைத்தவரையே நேரில் பார்த்துக் கேட்கலாம் என்பது பெரிய வசதி.

அடுத்தது, தானே கன்று வளர்த்து விற்கும் சிறிய நர்சரிகள். தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அவர் வளர்ப்பவர். மாதவரத்தில் இருப்பது போன்ற அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும், நாட்டு மரக்கன்றுகளுக்கு வனத்துறை நாற்றங்கால்களிலும் விலை குறைவு. ஆனால் அரசுப் பண்ணை என்பதாலேயே மருந்து இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். அங்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

நகரத்துச் சாலையோர நர்சரிகளில் விற்கும் பூச்செடிகளில் பெரும்பகுதி அங்கே வளர்ந்தவை அல்ல. ஆந்திரத்தில், ராஜமகேந்திரவரத்துக்கு அருகில், கோதாவரிக் கரைப் பகுதியில் கடியம் என்ற ஊர் இருக்கிறது. ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் நர்சரிதான். அங்கிருந்து தென்னகம் முழுவதும் லாரியில் செடிகள் போகின்றன. ஓசூர், பெங்களூரு, புனே பக்கமிருந்தும் வருகின்றன. அப்படி லோடில் வந்த செடிக்கு வளர்ந்த இடத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது விற்பவருக்கே தெரியாது. அவர் "மருந்து போடவில்லை" என்று சொல்வது தன் அளவில் உண்மையாக இருக்கும். செடியின் அளவில் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

நர்சரிக்குள் நுழைந்ததும்

உடனே செடியை எடுக்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா நடந்து பாருங்கள்.

சிலந்தி வலைகள் இருக்கின்றனவா? இரண்டு தொட்டிகளுக்கு நடுவே வலை கட்டிச் சிலந்தி உட்கார்ந்திருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். தின்னப் பூச்சி கிடைக்காத இடத்தில் சிலந்தி தங்காது. பொறிவண்டு, எறும்பு வரிசை, ஓணான், இலைக்கடியில் ஒட்டியிருக்கும் கூட்டுப்புழு, எல்லாம் நல்ல அறிகுறிகள். நூறு செடி உள்ள வரிசையில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை என்றால் அந்த வரிசையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பூவில் தேனீ வருகிறது, அதனால் செடி நல்லது என்று பலர் முடிவு செய்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2015இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று அந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. தேனீக்களின் முன் வெறும் சர்க்கரைக் கரைசலையும், இமிடாகுளோபிரிட் அல்லது தயாமீத்தாக்சம் கலந்த கரைசலையும் வைத்துப் பார்த்தார்கள். மருந்தின் சுவையைத் தேனீக்களால் உணரவே முடியவில்லை. அதோடு, மருந்து கலந்ததையே அதிகமாகக் குடித்தன. ஆகவே பூவில் தேனீ மொய்ப்பது அந்தப் பூ அதற்குப் பிடிக்கிறது என்பதற்குச் சான்று. அந்தப் பூ அதைக் கொல்லாது என்பதற்குச் சான்றல்ல.

பிறகு மண்ணைப் பாருங்கள். மேல்மண்ணை விரலால் லேசாகக் கிளறினால் மணல்போன்ற, சாயமேற்றிய குருணைகள் தென்படலாம். எல்லாக் குருணையும் விஷமல்ல. டிஏபி போன்ற உரமும் குருணைதான். கையால் எடுக்காமல், "இது என்ன போட்டது?" என்று கேளுங்கள். கார்போபியூரான், பிப்ரோனில் போன்ற குருணை மருந்துகள் வேர்வழியாகச் செடிக்குள் ஏறுபவை. இரண்டுமே தேனீயைக் கொல்பவை. போரேட் என்ற இன்னொரு குருணை மருந்துக்கு இந்தியாவில் 2020 முடிவிலிருந்து தடை. இருந்தும் பழைய பழக்கத்தில் 'குருணை' என்ற ஒரே பெயரில் பலவற்றைச் சொல்வார்கள் என்பதால் பையையே பார்ப்பது நல்லது.

இலையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது உப்புத் தண்ணீர் காய்ந்த தடம்.

கேட்க வேண்டிய கேள்விகள், கேட்கும் முறை

"மருந்து அடிப்பீர்களா?" என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. செடியைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்களோ என்று வாடிக்கையாளர் கவலைப்படுவதாக எண்ணி, "வாராவாரம் தவறாமல் அடிக்கிறோம் சார், பூச்சியே வராது" என்று உற்சாகமாகச் சொல்வார்கள். முகத்தில் கவலையோடு கேட்டால், "இல்லவே இல்லை, எல்லாம் இயற்கைதான்" என்பார்கள். இரண்டிலும் நமக்குத் தகவல் இல்லை.

நான் இப்போது கேட்பது வேறு மாதிரி. "அண்ணே, செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டில் போகவே மாட்டேன் என்கிறது." தொழில் தெரிந்தவரிடம் யோசனை கேட்டால் மனம் திறந்து பேசுவார். "தண்ணீரைப் பீய்ச்சியடித்துவிட்டு வேப்பெண்ணெய் தெளிப்பேன்" என்பவரும் உண்டு. உள்ளே போய் ஒரு புட்டியைக் கொண்டுவந்து, "இதில் ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீர், வேரில் ஊற்றுங்கள், மூன்று மாதத்துக்குப் பூச்சி அண்டாது" என்பவரும் உண்டு. அந்தப் புட்டியை வாங்கிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். நமக்கு வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். முன்பு சொன்ன மூன்று பெயர்களோடு டைமெத்தோயேட், அசிபேட், பிப்ரோனில் இவற்றில் ஒன்று இருந்தால் அந்த நர்சரியில் பூச்செடி வாங்குவதை நான் தவிர்க்கிறேன். அசிடமிப்ரிட் அதே குடும்பத்தைச் சேர்ந்ததானாலும் தேனீக்கு நஞ்சு பல மடங்கு குறைவு. ஆனாலும் புழு வளர வேண்டிய செடியில் அதுவும் வேண்டாம்.

புட்டியில் உள்ள வண்ண முக்கோணத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைக் காட்டுவது; ஆய்வக எலிகளில் அளந்து வகுத்தது. நீலமோ பச்சையோ இருப்பதால் தேனீக்குப் பாதுகாப்பு என்று பொருளில்லை.

இரண்டாவது கேள்வி: "இது இங்கேயே போட்ட கன்றா, லோடில் வந்ததா? வந்து எத்தனை நாள் ஆயிற்று?" இங்கேயே போட்ட கன்று என்றால் அதற்கு முன்னுரிமை. நேற்று இறங்கியதைவிட ஆறு மாதமாக அங்கேயே நின்று, புதுக்கிளை விட்ட செடி மேல்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிகம் பயன்பட்டது: "மருந்து போடாமல் ஒரு இருபது கன்று எனக்காக வளர்த்துத் தருவீர்களா? இலை கடிபட்டிருந்தாலும் முழு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்." தனியாளாகக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, சித்திரையிலேயே முன்பணம் கொடுத்து, துளசி, திருநீற்றுப்பச்சிலை, ஒற்றைச் செம்பருத்தி, கறிவேப்பிலை என்று பட்டியல் எழுதிக் கொடுத்தோம். ஆடிப்பட்டத்துக்குக் கன்றுகள் தயாராக இருந்தன. கறிவேப்பிலைக் கன்றுகளில் மூன்றில் இலைகள் பாதி இல்லை. கூடவே இரண்டு கொழுத்த பச்சைப் புழுக்களும் வந்து சேர்ந்தன. முழு விலை கொடுத்து வாங்கினோம். இங்கிலாந்தின் பெரிய தோட்டக்கடைத் தொடர்கள் சில, வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்ட பிறகுதான் 2018 வாக்கில் இந்த மருந்துகளைத் தங்கள் செடிகளில் கைவிட்டன. தெருமுனை நர்சரியும் கேட்டால் மாறும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இவ்வளவு பார்த்தும் சந்தேகத்துக்கிடமான செடிதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். தூக்கி எறிய வேண்டியதில்லை, ஆனால் நாளைக்கே தேனீக்குப் பந்தி வைக்கவும் கூடாது.

கையுறை போட்டுக்கொண்டு, பையைக் கிழித்து, வேர்முடிச்சைச் சுற்றியுள்ள பழைய மண்ணை மெதுவாக உதிர்த்துவிடுங்கள். கடியத்துச் செடிகளில் களிமண் உருண்டையாக இறுகியிருக்கும்; ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்தால் தானே கரையும். மென்மையான வேர் உள்ள செடிகளில் முழுவதும் உதிர்க்க முயல வேண்டாம், செடி வாடிவிடும். வெளிச்சுற்றை எடுத்தால் போதும். தொழுவுரமும் செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்த புதுக்கலவையில் நடுங்கள். உதிர்த்த மண்ணை மண்புழு உரத்தொட்டியிலோ கீரைப்பாத்தியிலோ கொட்டாதீர்கள். வெயில் படும் இலைப்பரப்பில் இமிடாகுளோபிரிட் விரைவில் சிதையும். இருட்டான மண்ணுக்குள் மாதக்கணக்கில், சில மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட, அப்படியே இருக்கும். வேர் ஊறிய தண்ணீரும் அதேபோல்தான். பறவையும் தேனீயும் குடிக்கும் தட்டுக்கு அருகில் அதை ஊற்ற வேண்டாம்.

இருக்கும் பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். மனது வராதுதான். கிள்ள மனமில்லாதவர்கள் பழைய கொசுவலைத் துண்டால் செடியை மூடிக் கட்டலாம். பூவை நீங்கள் பார்க்கலாம், தேனீ நெருங்காது. எவ்வளவு காலம்? நான் வைத்திருக்கும் கணக்கு இது: துளசி, சாமந்தி போன்ற சிறுசெடிகளுக்கு, கவாத்து செய்து புதுத்துளிர் வந்து மறுபடி பூக்கும்வரை குறைந்தது மூன்று மாதம். இட்லிப்பூ, எலுமிச்சை, செம்பருத்தி போன்ற கட்டைத்தண்டுச் செடிகளுக்கு ஒரு முழு வருடம். வேரில் ஊற்றிய மருந்து அத்தகைய செடிகளில் ஓராண்டுக்கு மேலும் தங்கியதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

செடி தெளிந்துவிட்டதா என்று காட்ட ஓர் எளிய குறி உண்டு. கொழுந்தில் அசுவினி வந்து கூட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அசுவினி செடியின் சாற்றைக் குடித்து வாழ்வது. சாற்றில் இந்த மருந்து இருந்தால் அதனால் பெருக முடியாது. மற்றத் தோட்டக்காரர்கள் அசுவினியைக் கண்டால் வருத்தப்படுவார்கள். நான் அந்த எலுமிச்சையில் பதினான்கு மாதத்துக்குப் பிறகு முதல் அசுவினிக் கூட்டத்தைப் பார்த்தபோது கொசுவலையை அவிழ்த்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஐந்து புழுக்கள் பறவை எச்ச நிறத்திலிருந்து பச்சை நிறத்துக்கு மாறி, கூட்டுப்புழுவாகி, ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன.

பூச்சி வந்தால்

அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பதே போதும். பொறிவண்டு வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். மாவுப்பூச்சி பிடித்த கிளையை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடடைந்த பிறகு, பூவில் படாமல் தெளிக்கலாம். புழு வளரும் எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு ஆகியவற்றில் அதுவும் கூடாது. வேம்பு புழுவின் வளர்ச்சியையும் தடுக்கும். 'இயற்கை மருந்து' என்று விற்கும் எல்லாவற்றையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஸ்பைனோசாட் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்ததுதான். ஈரம் காயும்வரை தேனீக்கு நஞ்சு. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து தேனீயை ஒன்றும் செய்யாது. ஆனால் காய்ப்புழுவையும் வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் அது பிரித்தறியாது.

முதல் ஆண்டில் புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது இலையில் விழும் வெட்டுதான். ரோஜாவிலோ செம்பருத்தியிலோ இலை ஓரத்தில், கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல், ஒழுங்கான அரைவட்டம் விழுந்திருக்கும், படத்தை எடுத்து அனுப்பி "இதற்கு என்ன மருந்து?" என்று கேட்பார்கள். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. வெட்டிய துண்டைச் சுருட்டி, ஏதாவது ஒரு துளைக்குள் கொண்டுபோய்த் தன் முட்டைக்கு அறை கட்டும். செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தச் செடியருகே சிறிது நேரம் அசையாமல் நில்லுங்கள். தன் உடலைவிடப் பெரிய பச்சைத் துண்டைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு அது பறந்து போவதைப் பார்த்துவிடலாம்.